மண்ணெண்ணெய்க் கோடு

கோப்பாய் தெற்கு,
28.10.2024

அன்புள்ள நிவேதனாவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் மில்லும் சுகம். கார்தான் சுகமில்லை. உங்கள் சுகத்தை உங்கள் அக்கா அருந்ததி மச்சாள் அடிக்கடி போனில் சொல்லுகிறா, ஆகவே அதைத் தனியாகக் கேட்கவில்லை.

கடிதத்தைக் கண்டு சிரிக்க வேண்டாம். கோப்பாயிலிருந்து பருத்தித்துறைக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்தான் என்பதும், இது உங்கள் கைக்கு வர மூன்று நாள் எடுக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் போனில் கதைத்தால் எங்களுக்குள் இரண்டாவது வசனத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. நான் ஒன்று கேட்டால் "ஓம் ஓம்" என்பீர்கள். பிறகு கேட்டதைச் செய்யவும் மாட்டீர்கள், ஏன் செய்யவில்லை என்று சொல்லவும் மாட்டீர்கள். கடுதாசியில் அந்த வசதி கிடையாது. கேட்டதற்கு மறுமொழி எழுதித்தான் ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வாறேன். மழை தொடங்கிய நாள் முதல் ஒஸ்ரின் கார் காலையில் ஸ்ராட் ஆகுதில்லை. கர் கர் என்று சுற்றும், ஒரு தும்மல் தும்மும், பிறகு பேசாமல் இருந்துவிடும். உங்களைப் போலத்தான். வெயில் ஏறினால் எடுக்கும், எடுத்தாலும் காலில் முள்ளுக் குத்தின நாய் மாதிரி நொண்டும். திருநெல்வேலிக் கடைகளுக்குப் போகவேண்டிய மிளகாய்த்தூள் மூட்டைகளை இப்போது ஓட்டோவில் ஏற்றி அனுப்புகிறேன்.

இன்னொன்று. நிவேதனா போட்ட விசா சரிவந்துவிட்டது. கடவுச்சீட்டு போன கிழமை கைக்கு வந்தது. "அம்மா, மில்லைப் பூட்டிப்போட்டு ஒரேயடியா கனடாவுக்கு வாங்கோ. அங்கை தனிய இருந்து என்ன செய்யப் போறியள்?" என்று பிள்ளை நச்சரிக்கிறாள். தைப்பொங்கலுக்கு முன் முடிவு சொல்லவேண்டுமாம், அப்போதுதான் ரிக்கற் போடலாமாம். நான் உங்களிடம் ஆடி மாதமே போனில் கேட்டேன், "நான் போகட்டோ, நிக்கட்டோ?" என்று. "ஓம் ஓம்" என்றீர்கள். எதற்கு அந்த ஓம் என்று திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

போவதானால் என் அப்பாவின் காரை ஓடுகிற காராகத்தான் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போவேன். கட்டி இழுத்துக்கொண்டு போக விடமாட்டேன். என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கோ. உங்களை வரச்சொல்லிக் கேட்கவில்லை.

மீனாம்பிகை


பருத்தித்துறை,
2.11.2024

அன்புள்ள மீனாம்பிகைக்கு,

கடிதம் கிடைத்தது. உறையைக் கண்டவுடன் அக்கா லோயரிடமிருந்து வந்ததாக்கும் என்று பயந்துபோனா. ஒஸ்ரினுக்குத் தடிமனும் தும்மலும் என்று சொன்ன பிறகுதான் தேத்தண்ணீர் போட எழும்பினா.

நீ காரைப் பற்றிப் பாதிதான் எழுதியிருக்கிறாய். கர் கர் என்றால் எந்தக் கர்? கெதியாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? தும்மல் முன்னால் கார்பரேற்றரில் வந்ததா, பின்னால் சைலன்சரில் வந்ததா? நொண்டும்போது தாளம் தப்பாமல் ஒரு அடியை மட்டும் விடுகிறதா, கண்டபாட்டுக்கு விடுகிறதா? சத்தத்தை எழுத்தில் எழுது. கூடினாலும் பரவாயில்லை, விரிவாக எழுது.

மழையோடு வந்த வருத்தம் என்றபடியால் முதலில் டிஸ்ரிபியூட்டரைப் பார். எஞ்சினின் பக்கத்தில் ஐந்து வயர் முளைத்த கறுப்பு மூடி ஒன்று இருக்கிறதே, அதற்குக் கீழே இருப்பதுதான். பந்தியில் சோறு போடுகிறவனைப்போல நாலு பிளக்குக்கும் முறைப்படி நெருப்பைப் பங்கிடுவது அதன் வேலை. இரண்டு பக்கமும் உள்ள கிளிப்பைத் தட்டினால் மூடி வந்துவிடும். உள்ளே வியர்த்திருக்கும். பழைய வேட்டித் துணியால் துடைத்து வெயிலில் வை. அவசரத்துக்கு மிளகாய் வறுக்கிற அடுப்பில் காட்டாதே, வெடித்துவிடும். உள்ளே தலைமயிர் மாதிரிக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் அந்த மூடி முடிந்தது, புதிது போடவேண்டும்.

மூடிக்குக் கீழே இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் திறந்து திறந்து மூடும். அதுதான் பொயின்ற். திறந்து நிற்கும்போது லொத்தர் ரிக்கற் ஒன்றை நாலாக மடித்து இடையில் விட்டால் உரசிக்கொண்டு போகவேண்டும். லூசாகவும் இருக்கக்கூடாது, பிடிக்கவும் கூடாது. கருகியிருந்தால் மாற்று. வயர்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் அடையாளம் போட்டுக்கொள். அவை ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்றுதான் சுற்றிவரும். மாறினால் உனக்கும் காருக்கும் பெரிய கரைச்சல்.

வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டது. வள்ளங்கள் முழுக்கக் கரையில், ஆகவே எனக்குத்தான் வேலை. நாள் முழுக்க எஞ்சின்களுக்கு நடுவில்தான் இருக்கிறேன்.

நிவேதனாவின் விஷயம் அறிந்து சந்தோஷம். மற்றதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஜெயரூபன்


கோப்பாய் தெற்கு,
10.11.2024

அன்புள்ள நிவேதனாவின் அப்பாவுக்கு,

"பிறகு எழுதுகிறேன்" என்பதும் கடுதாசியில் எழுதிய ஓம் ஓம்தான் என்று இப்போது விளங்குகிறது.

ஆனால் வைத்தியம் பலித்தது. மூடிக்குள் பனிக்காலத்துக் கண்ணாடி மாதிரி வியர்த்திருந்தது. துடைத்து வெயிலில் வைத்தேன். பொயின்ற் கருகிக் கிடந்தது. சந்தியில் வான் திருத்துகிற ஜஸ்ரின் புதியதொன்றை எங்கேயோ தேடிக் கொண்டுவந்தார். நல்ல மனிதர், நாற்பது வயதுக்குள் இவ்வளவு பொறுமையான ஆளை நான் காணவில்லை. லொத்தர் ரிக்கற்றும் வாங்கினேன். கடைக்காரன் அதிர்ஷ்டம் வரட்டும் என்று வாழ்த்தித் தந்தான். கார் முதற் சுற்றிலேயே எடுத்தது. நானும் மில்லில் வேலை செய்கிற றொசாந்தியும் கை தட்டினோம்.

அதோடு விட்டிருக்கலாம். ஜஸ்ரின் "அக்கா, வந்ததுதான் வந்தன், ரைமிங்கையும், அதுதான் நெருப்பு விழுற நேரத்தையும், ஒருக்காப் பாப்பம்" என்று மின்னி மின்னி எரிகிற லைற் ஒன்றைக் கொண்டுவந்து, பெல்ற் ஓடுகிற சில்லில் பிடித்தார். சில்லில் வெள்ளைக் கோடு ஒன்று இருக்கிறது. "கோடு எங்கையோ கிடக்குது, நெருப்பு எங்கையோ விழுகுது. இவ்வளவு காலமும் எப்பிடி ஓடினது?" என்று ஆச்சரியப்பட்டு, டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி அந்த வெள்ளைக் கோட்டுக்குச் சரியாக வைத்தார்.

அன்று முதல் கார் செத்த பிணம். ஸ்ராட் ஆகும், ஆனால் இழுக்காது. நேற்று ஒரு சைக்கிள்காரர் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். உரும்பிராய்ச் சந்திக்குப் போகுமுன் றேடியேற்றர் கொதித்துவிட்டது. சத்தத்தை எழுத்தில் கேட்டீர்கள், எழுதுகிறேன். காலை அழுத்தினால் 'பூ...' என்று பெருமூச்சு. காலை எடுத்தால் சைலன்சருக்குள் ஈரப் பட்டாசு: புத்... புத்... ஒரு இடைவெளி... புத்.

மில்லில் இப்போது சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டுதான் நிற்கிறேன். சித்திரையில் பெல்ற் என் தலைப்பைப் பிடித்து இழுத்தபோது நீங்கள் ஐந்தடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். கோதுமை மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து சுவிச்சை நிறுத்தியவள் றொசாந்தி. மோட்டார் நிற்கும்வரை நீங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவும் இல்லை. அடுத்த மாதம் அக்காவுக்கு உதவிக்கென்று போனவர்தான். இதையும் எழுத்தில் எழுதிவிட்டேன். விரும்பினால் இதற்கும் மருந்து சொல்லுங்கோ.

மீனாம்பிகை


பருத்தித்துறை,
15.11.2024

அன்புள்ள மீனாம்பிகைக்கு,

ஜஸ்ரினில் பிழையில்லை. கண்ணுக்குத் தெரிந்த கோட்டுக்கு வைத்திருக்கிறார், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அந்தக் கோடுதான் பொய். அதைப் போட்டவன் நான்.

உனக்கு ஞாபகம் இருக்கும். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, யுத்தத் தடையால் பெற்றோல் மருந்துக்கும் இல்லை. மாமா தன்னுடைய இந்தக் காரை நான் வேலை செய்த கராஜுக்குக் கொண்டுவந்தார். அப்போது எல்லாக் காரும் மண்ணெண்ணெயில்தானே ஓடின. ஊசிமருந்துக் குப்பியில் வைத்திருக்கிற நாலு துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடு ஏறினவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பெற்றோலுக்கு வைத்த ரைமிங்கில் மண்ணெண்ணெயை எரித்தால் எஞ்சின் உள்ளே அடிக்கும், பிஸ்ரன் ஓட்டையாகிவிடும். ஆகவே நெருப்பைக் கொஞ்சம் பிந்தி விழ வைக்கவேண்டும். அதற்காகச் சில்லில் நான் அரத்தால் ஒரு புதுக் கோடு அராவினேன். இருட்டிலும் தெரியட்டும் என்று மாமாதான் அதற்கு வெள்ளைப் பெயின்ற் பூசினார். நான் அராவும்போதே பெயின்ற் பேணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ. அரத்தைப் பார்க்காமல் நான் உன்னைப் பார்த்ததால்தான் கோடு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. போய்ப் பார்.

பெற்றோல் திரும்பி வந்த பிறகு நான் கோட்டைப் பார்த்து ரைமிங் வைத்ததே இல்லை. காதால்தான் வைத்தேன். எஞ்சினை ஓடவிட்டு டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்புவேன், அது முறைப்பாடு சொல்லத் தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் பின்வாங்குவேன். அதனால் அந்த வெள்ளைக் கோட்டை அழிக்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. பெற்றோலை ஊற்றிக்கொண்டு மண்ணெண்ணெய்க் கோட்டில் ஓடுகிறாய். நெருப்பு பிந்தி விழுந்தால் இழுவை போகும், சூடு ஏறும், மிச்சம் சைலன்சருக்குள் போய் வெடிக்கும். நீ எழுதின புத் புத் அதுதான். நன்றாக எழுதியிருந்தாய்.

கம்பனிக் கோடு ஒன்று இருக்கிறது. சின்னது, கிறீஸ் அடைத்திருக்கும். ஊசியால் கிண்டி எடு. காரை ரொப் கியரில் போட்டு முன்னுக்கு மெல்லத் தள்ளினால் சில்லு சுற்றும். முதலில் வருவது கம்பனிக் கோடு, அதற்குப் பின்னால் வருவது என்னுடையது. ஒன்றாம் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் பெருவிரலை வைத்தபடி தள்ளு. விரலைக் காற்றுத் தள்ளுகிற சுற்றில் முதற் கோடு சில்லுக்குப் பக்கத்தில் உள்ள முள்ளுக்கு நேரே வரும்போது நிறுத்து. டிஸ்ரிபியூட்டரின் பக்கத்து வயருக்கும் கார் பொடியின் தகரத்துக்கும் நடுவே ஒரு சின்னப் பல்ப்பைக் கொழுவிச் சாவியைப் போட்டு, கீழே உள்ள நட்டை இளக்கு. டிஸ்ரிபியூட்டரைத் திருப்பிக்கொண்டு போக, பல்ப் பற்றுகிற இடம் வரும். அந்த இடத்தில் இறுக்கு. மணிக்கூடு சுற்றுகிற பக்கம் திருப்பினால் நெருப்பு முந்தும், மற்றப் பக்கம் பிந்தும். அளவுக்கு மிஞ்சி முந்தவிட்டால் அடிக்கும், கவனம்.

மில்லில் றொசாந்தியை உனக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொல். என்னைவிட அவள் உனக்குப் பிரயோசனம்.

ஜெயரூபன்


கோப்பாய் தெற்கு,
24.11.2024

அன்புள்ள நிவேதனாவின் அப்பாவுக்கு,

கோடு சரிந்துதான் இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் பிந்திச் சொல்லுகிறீர்கள். உங்கள் ரைமிங்கும் மண்ணெண்ணெய்க் கோட்டில்தான் போல.

றொசாந்தி தள்ள, நான் பெருவிரலை வைத்துக்கொண்டு நடக்க, முற்றத்தில் பெரிய கூத்து. ஜஸ்ரின் வந்து கம்பனிக் கோட்டைத் தானே கிண்டி எடுத்து, "அக்கா, இதை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று சிரித்தார். பல்ப் பற்றியது. இறுக்கி, பிளக்கைப் பூட்டி ஸ்ராட் பண்ணினேன். கார் பறந்தது! உரும்பிராய் போய், கொதிக்காமல் திரும்பி வந்தேன்.

பிறகு ஆசை விடவில்லை. முந்தினால் இன்னும் இழுக்கும்தானே என்று மணிக்கூட்டுப் பக்கம் இன்னும் ஒரு நூல் திருப்பிவிட்டேன். அப்படியே உங்கள் பக்கம் வல்லை வெளி மட்டும் ஓட்டிக்கொண்டு போனேன். பயப்படாதேங்கோ, பாலத்தடியில் திரும்பிவிட்டேன். வாடைக்காற்று முகத்தில் அறைய, ரொப் கியரில் காலை அழுத்திப் பிடித்தபோது எஞ்சினுக்குள் ஒரு புதுச் சத்தம். அது சரியா பிழையா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. எழுத்திலும் எழுத வரவில்லை. ஆகவே போனில் பதிந்து மச்சாளின் வட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் காதால் ரைமிங் வைக்கிறவர், நீங்களே கேட்டுச் சொல்லுங்கோ.

கடைசியில் காரை ஓரமாக நிறுத்தி நானும் கொஞ்சம் கதைத்திருக்கிறேன். அதையும் கேளுங்கோ. போனில் நேருக்கு நேரே கேட்டால் சண்டை வரும் என்றுதான் இப்படி. முழுவதையும் கேட்டுவிட்டு மறுமொழி எழுதுங்கோ. பொங்கலுக்குக் கனநாள் இல்லை.

மீனாம்பிகை


பருத்தித்துறை,
29.11.2024

அன்புள்ள மீனாம்பிகைக்கு,

அக்கா போட்டுக் காட்டினா, கேட்டேன். எஞ்சின் நல்ல சீராக ஓடுகிறது. இனி ஒன்றையும் தொடவேண்டாம். இந்த நிலையில் காரை யார் கையிலும் துணிந்து கொடுக்கலாம்.

நீ கதைத்ததும் கேட்டேன். எல்லாம் நல்லபடி நடக்கும். மழைக்குள் கவனமாக இரு.

ஜெயரூபன்


கோப்பாய் தெற்கு,
8.12.2024

நிவேதனாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாகக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். அதற்குள் ஒரு கிழமை போய்விட்டது.

நீங்கள் சீராக ஓடுகிறது என்று எழுதிய அதே பதிவை ஜஸ்ரினுக்குப் போட்டுக் காட்டினேன். அரை நிமிஷம் கேட்டிருக்கமாட்டார், "அக்கா, உடனை நிப்பாட்டுங்கோ, இது பயங்கரமா அடிக்குது" என்று பதறினார். தகரப் பேணிக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குகிறமாதிரிச் சத்தம். இன்னும் நாலு நாள் ஓடியிருந்தால் பிஸ்ரன் போயிருக்குமாம். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாத றொசாந்தியே "ஐயோ, என்னது உது?" என்று கேட்டாள்.

அதன் கடைசியில் நான் கேட்டது இதுதான். "நீங்கள் வேண்டாமெண்டு ஒரு சொல் சொன்னால் நான் போகமாட்டன். சொல்லுவியளோ?" அழுதுகொண்டு கேட்டேன். வல்லை வெளியில் தனியே காரை நிறுத்திவைத்துக்கொண்டு, இந்த வயதில், வெட்கமில்லாமல். அதற்கு உங்கள் மறுமொழி: எல்லாம் நல்லபடி நடக்கும், மழைக்குள் கவனம்.

இந்த மனிதனுக்கு நெஞ்சு கல் என்று முடிவெடுத்தேன். நிவேதனாவுக்கு ரிக்கற்றைப் போடச் சொல்லலாம் என்று போனையும் கையில் எடுத்தேன். அப்போது றொசாந்தி வந்து என் தோளில் தட்டினாள். மில்லின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "எத்தினை தரம் அக்கா கூப்பிடுறது? காது கேக்கேல்லையோ?" என்றாள்.

நான் அப்படியே மா மூட்டையின் மேல் இருந்துவிட்டேன்.

உடனே மச்சாளுக்கு எடுத்தேன். "மச்சாள், இவருக்குக் காது எப்பிடி?" என்று கேட்டேன். அவ, "உனக்குத் தெரியுமெண்டெல்லோ நான் நினைச்சிருந்தனான். வலது காது துப்பரவாப் போச்சுது பிள்ளை. இடதிலும் பெரிசா ஒண்டும் கேக்காது. ஆக்களின்ரை வாயைப் பாத்துத்தான் கதைக்கிறான். போனை எடுத்தால் ஓமோம் எண்டுபோட்டு வைச்சிடுவான்" என்றா.

எனக்கு எப்படித் தெரியும்? மில்லுக்குள் எல்லோரும் கத்தித்தான் கதைக்கிறோம். யார் கேட்டுச் சொல்லுகிறார், யார் வாயைப் பார்த்துச் சொல்லுகிறார் என்று அங்கே யார் கண்டார்? போனில் மட்டும் உங்களோடு சண்டை வந்ததும், "சத்தத்தை எழுத்தில் எழுது" என்று நீங்கள் கேட்டதும், சித்திரையில் முதுகைக் காட்டி நின்றதும் எல்லாம் காதின் ஒரே வருத்தம்தான். நான்தான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கோபம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். இப்போதுதான் சரியான இடத்தில் வந்திருக்கிறது. காது கேட்காததற்கு யாரும் கோபிக்க முடியாது. ஆனால் அதை ஊருக்கெல்லாம் மறைத்ததோடு எனக்கும் மறைத்தீர்களே, நான் யார், ஊரா?

இனிக் கேட்கவில்லை என்று தப்ப முடியாது. பெரிய எழுத்தில் எழுதுகிறேன். நான் போகட்டோ, நிற்கட்டோ?

மீனாம்பிகை


பருத்தித்துறை,
14.12.2024

மீனா,

போகாதே.

பிள்ளை கூப்பிடும்போது இப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று மூன்று நாள் யோசித்தேன். கேட்டாய், ஆகவே சொல்லுகிறேன். போகாதே.

ஆடியில் நீ அப்படி ஒன்றைக் கேட்டிருக்கிறாய் என்பதே எனக்கு உன் முதற் கடிதத்தில்தான் தெரியும். அதை வாசித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

பெல்ற் விஷயத்துக்கும் மருந்து கேட்டிருந்தாய். மருந்தில்லை, நடந்ததைத்தான் சொல்லலாம். காலுக்குக் கீழே தரையின் நடுக்கம் நின்றபோதுதான் மோட்டார் நின்றுவிட்டது என்று நான் திரும்பினேன். உன் தலைப்பு பெல்ற்றில் சுற்றியிருந்தது. உன் வாய் திறந்திருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, மீனா. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, உனக்குத் துணையென்று அந்த மில்லுக்குள் நிற்க என்னால் முடியவில்லை. நீ கத்தினாலும் எனக்குக் கேட்காது என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. காதால் ரைமிங் வைக்கிற ஜெயரூபன் என்றுதானே உன்னுடைய அப்பா எல்லோருக்கும் என்னைச் சொல்லித் திரிந்தார். அதை நம்பித்தானே உன்னையும் தந்தார்.

இங்கே வள்ளத்து எஞ்சின்களைக் கையால்தான் பார்க்கிறேன். உள்ளங்கையை மூடியில் வைத்தால் சீராக ஓடுவதும் விட்டுவிட்டு ஓடுவதும் தெரியும். ஆனால் ஒஸ்ரின் அடிக்கிற அடி கைக்குத் தெரியாது, அது காதுக்கு மட்டும்தான். அக்கா அந்தப் பதிவைப் போட்டுத் தந்துவிட்டு அடுப்படிக்குப் போக, நான் அவவின் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தேன். நடுக்கம் சீராக இருந்தது. சீர் என்று எழுதினேன். உன் எஞ்சினைக் கொன்றிருப்பேன்.

மற்றப் பக்கம் ஒரு நூல் திருப்பு. அதன் பிறகு ஜஸ்ரின் சொல்லுவதைக் கேள்.

ஜெயரூபன்


கோப்பாய் தெற்கு,
18.12.2024

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை றொசாந்திக்கு முன்னால் பிரித்தது என் பிழை. முதல் வரியை அவளும் பார்த்துவிட்டாள். இப்போது கோப்பாய் முழுவதும் அதுதான் கதை.

நிவேதனாவோடு கதைத்தேன். ஒரேயடியாக வரமாட்டேன், ஆனி மாதம் வெயில் பார்க்க வந்து இரண்டு மாதம் நிற்கிறேன் என்று சொன்னேன். கொஞ்சம் அழுதாள். பிறகு, "அப்பாவின்ரை காது விஷயம் எனக்கும் தெரியாதே அம்மா" என்று இன்னும் கூட அழுதாள். உங்களுக்கு எழுதுவாள், மறுமொழி போடுங்கோ. அவளுக்கும் ஓம் ஓம் என்று எழுதவேண்டாம்.

என் அப்பா உங்களைக் காதுக்காகத் தெரிந்தெடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தெரிந்தெடுத்ததை விடுங்கோ. பெயின்ற் பேணியோடு நின்ற நான் தெரிந்தெடுத்தது, கோடு சரிந்துபோகிறதும் தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆளை. ரைமிங்கைப் பற்றி எனக்கு அப்போது என்ன தெரியும்?

வரும் ஞாயிறு காலை காரில் வாறேன். நீங்கள் சொன்னபடி ஒரு நூல் பின்னுக்குத் திருப்பியாயிற்று. ஜஸ்ரின் இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போகலாம் என்கிறார், நான் வேண்டாம் என்றேன். மிச்சத்தை நாங்கள் இரண்டு பேரும் வல்லை வெளியில் காற்றுக்கு எதிரே வைத்துப் பார்த்து முடிப்போம். நீங்கள் நட்டை இளக்கித் திருப்புங்கோ. நான் ஓட்டிப் பார்த்து, அடித்தால் கையைத் தூக்கிக் காட்டுகிறேன்.

அன்று அப்படியே கோப்பாய்க்கு வந்துவிடவேண்டும், உடுப்புகளைக் கட்டி வையுங்கோ. திங்கட்கிழமை யாழ்ப்பாணத்தில் காது டொக்டரிடம் நம்பர் எடுத்திருக்கிறேன். மெஷின் போட்டால் கொஞ்சம் கேட்கும் என்றால் போடுவோம், இல்லையென்றால் இப்படியே எழுதுவோம். மில்லில் உங்களுக்கு நேரே ஒரு சிவப்புப் பல்ப் பூட்டச் சொல்லியிருக்கிறேன். அதன் சுவிச் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். பல்ப் பற்றினால் மோட்டாரை நிறுத்துவது உங்கள் வேலை.

எத்தனை மணிக்கு வருவேன் என்று சரியாகச் சொல்ல முடியாது, வாடைக்காற்றைப் பொறுத்தது. மச்சாளின் வீட்டு வாசலில் நின்று கூப்பிடவும் மாட்டேன், ஹோர்ன் அடிக்கவும் மாட்டேன். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெளியே வந்து கேற்றடியில் நில்லுங்கோ. றோட்டைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கோ.

மீனா